உள்ளே ஆள் இருக்காங்க

ஊரிலுள்ள பெண்களெல்லாம் மனசில் இருப்பதைக் கொட்ட தையலக்காவைத் தேடி வந்தார்கள். தையலக்கா பெற்ற ஒரே பெண் மட்டும் அவளிடம் வாயைத் திறக்கவில்லை. இதை முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை.

மகள் வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள். ஒரு ராத்திரி தங்குவாள். தான் குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பாள். படுத்த போர்வையைத் தானே உதறி மடிப்பாள். விடிந்ததும் பஸ் ஏறிவிடுவாள். சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. கேட்டதற்குப் பதில் வரும், அதுவும் மரியாதையாக வரும். அந்த மரியாதைதான் தையலக்காவைக் கொன்றது. மகளோடு சண்டை போடலாம், விருந்தாளியோடு எப்படிப் போடுவது?

சின்ன வயதில் அப்படி இல்லை. புருஷன் பிள்ளைக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். தையல் மெஷினுக்கு அடியில் விழும் துண்டுத் துணிகளில் படுத்துத்தான் அந்தப் பெண் வளர்ந்தது. வாயாடி என்றால் அப்படி ஒரு வாயாடி. படித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போன பிறகுகூட அந்த வாய் ஓயவில்லை. நடுவில் எங்கேயோதான் நின்று போயிற்று. எங்கே என்று தையலக்காவுக்குப் பிடிபடவே இல்லை.

அவளுக்கு ஞாபகமிருந்த கடைசி நல்ல நாள் ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். கடை முழுக்க யூனிஃபார்ம் துணி மலைபோல் குவிந்து கிடந்தது. சொல்லாமல் கொள்ளாமல் மகள் வந்து நின்றாள். எப்போதும் பின்வாசல் வழியாக வருகிறவள் அன்றைக்கு வாடிக்கையாளர் மாதிரி முன்வாசலில், கையில் இளநீலத் துணியோடு நின்றாள். தையலக்கா எல்லா வேலையையும் ஓரம் கட்டிவிட்டு அந்தத் துணியை அன்றைக்கே வெட்டி, அன்றைக்கே தைத்து, இஸ்திரியும் போட்டுக் கையில் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்காரர்கள் திட்டினார்கள், திட்டட்டும் என்று விட்டுவிட்டாள். மகளை நினைத்து மனசு வாடும்போதெல்லாம் அந்த நாளை எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

இந்தத் தடவை மகள் மூன்று நாள் இருப்பதாகச் சொல்லி வந்திருந்தாள். தையலக்காவும் சேர்ந்து ஆரம்பித்த நிலையத்துக்கு முப்பதாவது ஆண்டு விழா. தேவாலயத்தை ஒட்டிப் புதுக் கட்டடம் எழுந்திருந்தது. வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை. ‘கர்ப்பிணிப் பெண்கள் ஆதரவு நிலையம்’ என்று தெருக்கோடியிலிருந்தே படிக்கலாம். விழாவில் நிலையத்தின் கதையைச் சொல்ல வேண்டியவள் தையலக்கா. ஆரம்பித்து வைத்த மூவரில் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான். ஆனால் விழாவைப் பற்றி அவளுக்குப் பெரிய யோசனை இல்லை. மூன்று நாளில் எப்படியாவது மகளின் வாயைக் கிளறிவிட வேண்டும், தான் செய்த தப்பு என்னவென்று தெரிந்துகொண்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், மழை பிடித்துக்கொண்டது. புதுப் போதகரின் மனைவி குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். வயதில் சின்னவள். பழைய போதகரம்மாவிலிருந்து பிரித்துச் சொல்ல எல்லாரும் இவளைச் சின்னம்மா என்றார்கள். கதையை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொண்டால் விழாவில் தடுமாற்றம் இருக்காது என்று போனை மெஷின் பலகையில் வைத்தாள். மகள் ஒரு ஓரமாக நின்று, விழாக் கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிடத் தாய்மார்கள் கொடுத்தனுப்பிய பழைய குழந்தைச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வேகவைத்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் சாப்பிட்ட தட்டை அவள் ஏற்கனவே கழுவி வைத்துவிட்டிருந்தாள்.

தையலக்கா சொல்ல ஆரம்பித்தாள். அவள் பேச்சு அவள் தையல் மாதிரி. சுற்றி வளைத்துப் போனாலும் கடைசியில் ஓரம் சேர்ந்துவிடும்.

நிலையம் ஆரம்பித்ததே ஒருத்தியைத் திருப்பி அனுப்பியதால்தான். ஒரு வாரநாளில் தேவாலயத்துக்கு ஒரு பெண் வந்தாள். மணியடிக்கிறவர் கூட்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைக்காமலே, ஆராதனை ஞாயிற்றுக்கிழமைதான் என்று சொல்லிவிட்டார். அதில் பொய் ஒன்றுமில்லை. அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதாகவும் பிறகு போய்விட்டதாகவும் சாயங்காலம் பேச்சுவாக்கில் சொன்னார். எங்கே போனாள், என்ன ஆனாள் என்று கடைசிவரை தெரியவில்லை. பழைய போதகரம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

உடனே கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் ஆண்கள். நிலையத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று கூட்டம் கூட்டமாகப் போட்டார்கள். அடைக்கலம் என்றார் ஒருவர், நம்பிக்கை இல்லம் என்றார் இன்னொருவர். பெயர் முடிவாவதற்குள் ஊரில் இரண்டு பிரசவம் ஆகிவிட்டது. தேவாலயத்தின் பக்கவாட்டு அறையைத்தான் முதலில் ஒழித்துக் கொடுத்தார்கள். அந்தக் கதவோ கடைத்தெருவைப் பார்த்து நின்றது. அதில் கை வைக்கிற பெண்ணைப் பழக்கடையிலிருந்து சலூன்வரைக்கும் அத்தனை பேரும் பார்க்கலாம். ஒரு ஈ காக்கை வரவில்லை. போதகரம்மாவும், ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்ற நர்ஸம்மாவும் ஒருவருக்கொருவர் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பாடகர் குழுவுக்கு அங்கி தைத்துக் கொடுக்கப் போன தையலக்காதான் வழி சொன்னாள். “என் கடைக்குள்ள எந்தப் பொம்பளை நுழைஞ்சாலும் எதுக்குன்னு எவனும் கேக்க மாட்டான். உள் ரூம் சும்மாதானே கெடக்கு. கையில ஒரு துணியோட வரச் சொல்லுங்க.”

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. விஷயம் வாய்வழியாகப் பரவியது. வருகிறவள் துணி கொண்டு வருவாள். தைக்க வந்தவள் என்றால் துணியைப் பலகைமேல் விரித்துப் போட்டு, கை இப்படி வை, கழுத்து அப்படி வை என்று உயிரை வாங்குவாள். மற்றவள் துணியை விரிக்க மாட்டாள். மடித்தது மடித்தபடி வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தையலக்கா துணியைக் கேட்க மாட்டாள், கையை நீட்ட மாட்டாள். எழுந்து போய் உள் ரூமின் திரைச்சீலையைத் தூக்கிப் பிடிப்பாள். அவ்வளவுதான்.

உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு முக்காலி, ஒரு ஸ்டவ். முதலில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. யார், என்ன, யாரால் என்று எதுவும் கேட்கக் கூடாது. அதுதான் சட்டம். பிறகு நர்ஸம்மா வந்து பார்ப்பாள். கமிட்டிக்காரர் ஒருவர், எடுத்த எடுப்பில் ஜெபத்தில் தொடங்கலாமே என்று யோசனை சொன்னதற்கு, “மொதல்ல பிரஷர் பாக்கணும். அதுக்குள்ள ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்” என்று நர்ஸம்மா வாயை அடைத்துவிட்டாள். ஜெபம் வேண்டுமென்று கேட்டவர்களுக்குப் போதகரம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் செய்தாள். துணி இவர்களிடமே இருக்கும். பிள்ளை பிறந்ததும் அதே துணி குட்டிச் சட்டையாகத் தாயின் கைக்குத் திரும்பிப் போகும். சிலர் பிள்ளையைத் தாங்களே வளர்த்தார்கள், சிலர் வளர்க்க ஏங்குகிறவர்களிடம் கொடுத்தார்கள், சிலர் திரும்பி வரவே இல்லை. வராதவர்களின் துணி அலமாரியில் மடித்தபடியே கிடந்தது. அதைப் பற்றியும் யாரும் கேட்டதில்லை.

“ஒரு தடவை பெரிய போதகரையே மழையில நிக்க வெச்சிட்டேன்” என்று சொல்லிச் சிரித்தாள் தையலக்கா. “உள்ளே ஆள் இருக்காங்கன்னா இருக்காங்கதான். அது யாரா இருந்தா என்ன? பாவம், தொப்பலா நனைஞ்சுட்டார். ஒரு வார்த்தை சொல்லலையே மனுஷன். இதோ நிக்கிறாளே, இவளையும் அப்படித்தான் வளத்தேன். உள்ளே ஆள் இருக்காங்க, வெளிய போய் வெளையாடும்பேன். படியில உக்காந்து குட்டிச் சட்டைக்கெல்லாம் பட்டன் வெச்சுக் குடுப்பா.”

மகள் நிமிரவில்லை. இஸ்திரிப் பெட்டி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

சின்னம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பெண், கண்கூடக் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் யாரையாவது ஏற்க முடியாமல் திருப்பி அனுப்ப வேண்டி வந்ததா என்று கடைசியாகக் கேட்டாள்.

தையலக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். வாழ்நாளில் அவள் பெருமைப்பட்டுக்கொண்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். “ஒருத்தரையும் இல்லம்மா. என் வாசல்ல வந்து நின்ன ஒருத்தியக்கூட நான் திருப்பி அனுப்பினதில்ல. இதை எங்க வேணும்னாலும் சத்தமா சொல்லுவேன்.”

இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது. மகள் அதை நிமிர்த்தி வைத்தாள், சுவிட்சை அணைத்தாள், இவர்கள் இருவரையும் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்விட்டாள். பலகையில் பாதி தேய்த்த குட்டிச் சட்டை ஒன்று கிடந்தது. அறை சின்னது, சட்டைகளும் நிறைய, அவளுக்குப் புழுக்கமாக இருந்திருக்கும் என்று சின்னம்மா நினைத்துக்கொண்டாள். தையலக்காவுக்கு மட்டும் சுருக்கென்றது. அன்றைக்கு முழுக்கக் கேட்க வாயெடுத்து வாயெடுத்து விழுங்கினாள். முப்பது வருஷம் கேட்காமலே இருந்து பழகிய வாய், அவ்வளவு லேசில் திறக்குமா?

மறுநாள் சாயங்காலமும் மழை விடவில்லை. தேவாலயத்தில் ஒலிபெருக்கியைச் சரிபார்க்கிற சத்தம் வீடுவரை கேட்டது. தையலக்கா கஞ்சி போட்டு வைத்திருந்த புடவையை உடுத்தி, தலையை வாரிக்கொண்டு, மகளைத் தேடினாள். பின்கட்டில் இல்லை, அடுப்படியில் இல்லை.

உள் ரூமில் இருந்தாள். அலமாரி, எடை மெஷின், ஸ்டவ் எல்லாவற்றையும் புதுக் கட்டடத்துக்குத் தூக்கிப் போய்விட்டிருந்தார்கள். பெஞ்சு ஒரு கால் ஆடுகிறது என்றும், முக்காலி பழசு என்றும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மகள் அந்தப் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை அந்தப் பெஞ்சில் பார்ப்பது இதுவே முதல் தடவை என்பது தையலக்காவுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

“கெளம்பலையா?”

“நீ போயிட்டு வாம்மா. எனக்கு முடியல.”

“நேத்து நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?”

“ஒண்ணுமில்ல.”

“எத்தனை வருஷமா இந்த ஒண்ணுமில்லய வெச்சே ஓட்டுவே? நான் செத்தப்புறம் யார்கிட்ட சொல்லப்போறே, இந்த மெஷின்கிட்டயா?”

மகள் சிரிக்கவில்லை. குரலை உயர்த்தாமல், விலாசம் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

“ஒருத்தரையும் திருப்பி அனுப்பலன்னு சொன்னே. என்னை அனுப்பினே.”

“உன்னையா? நானா?”

“நானும் துணியோடதான் வந்தேன். மடிச்சுப் புடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். முன்வாசல்ல.”

தையலக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாள் அவளுக்கு மறந்திருந்தால் பரவாயில்லை. ஒரு இழை விடாமல் ஞாபகமிருந்தது. இளநீலத் துணி. மகள் அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தது. தான் சிரித்தது. ‘என்னடி இது, கஸ்டமர் மாதிரி வாசல்ல நிக்கிறே’ என்று கேட்டது. அதுவரை ஒருத்தியிடமும் கையை நீட்டிக் கேட்காத துணியை, ‘குடு இப்படி’ என்று மகளின் கையிலிருந்து பிடுங்கிப் பலகையில் விரித்துப் போட்டது. டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றியது. ‘வெளியூர் சாப்பாடு ஒடம்புல நல்லாத்தான் ஒட்டுது’ என்று கேலி செய்தது. இன்னும் சதை போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று பக்கவாட்டில் தாராளமாகத் துணி விட்டுத் தைத்தது. எத்தனையோ பெண்களின் இடுப்பைப் பார்த்த மாத்திரத்தில் மாசக் கணக்குச் சொன்ன கை அது. டேப்பில் இருந்த அளவைக் கண் பார்த்தது, கை எழுதிக்கொண்டது, புத்திக்குப் போகவில்லை. என் பிள்ளைக்கு அப்படி ஒன்று வராது என்று புத்தி கதவைச் சாத்திக்கொண்டிருந்தது.

“வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்தக் கேள்வியை வேறு யாரிடமாவது அவள் கேட்டிருப்பாளா?

மகளுக்கு அதில் கோபம் வரவில்லை. “பொண்ணா வந்து சொன்னா நீ அழுவே. மத்தவங்க மாதிரி வந்தா டீ குடுப்பே, ஒண்ணும் கேக்க மாட்டேன்னு நெனச்சேன். ஒரு மணி நேரம் யாரோ ஒருத்தியா இருந்துட்டு, அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். பஸ்ல வர்றப்ப பூரா அதையேதான் நெனச்சுக்கிட்டு வந்தேன். இந்தத் திரைய நீ தூக்கிப் புடிப்பே, நான் குனிஞ்சு உள்ள வருவேன்னு.”

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். சட்டம் குறுக்கே நின்றது. அவள் வழக்கம்போல எழுந்து, டீ போடலாம் என்று ஸ்டவ் இருந்த மூலைக்குத் திரும்பினாள். மூலை காலியாக இருந்தது.

“டீ வேணாம்” என்றாள் மகள். “கேளும்மா. எல்லாரும் நீ கேக்காம இருந்ததுக்கு உன்னக் கும்பிட்டாங்க. நான் நீ கேக்கணும்னு ஒவ்வொரு வருஷமும் வந்துட்டுப் போறேன். இன்னைக்காவது கேளு.”

தையலக்கா கேட்டாள். “குழந்தை என்னம்மா ஆச்சு?”

தங்கவில்லை, என்றாள் மகள். இங்கிருந்து போன சில வாரங்களிலேயே. வாடகை அறையில், தனியாக. கூட இருந்த பெண் ஊருக்குப் போயிருந்தாள். வலி வந்ததும் தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, அம்மா வந்துகொண்டிருக்கிறார்கள் என்று பொய் சொன்னாள். அந்த ஆளைப் பற்றித் தையலக்கா கேட்டதற்கு, அவன் பெயருக்குக்கூட இந்த அறையில் இடமில்லை என்று தலையை ஆட்டிவிட்டாள்.

“நான் எங்க இருந்திருந்தாலும் அது நின்னிருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதனால அதுக்கு நீ காரணமில்ல. ஆனா நான் தனியா இருந்திருக்க மாட்டேன்ல?”

மகள் பையைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்தாள். இளநீலம். ஒரு தடவைகூடப் போட்டதில்லை. தையலக்கா போட்டுக் கொடுத்த இஸ்திரி மடிப்பு மஞ்சள் பூத்துக் கோடாக நின்றிருந்தது.

“எல்லாருக்கும் அவங்க துணி குட்டிச் சட்டையாத் திரும்பி வந்துச்சு. எனக்கு மட்டும் என் அளவுக்கே தெச்சுக் குடுத்துட்டே.”

தையலக்கா சட்டையை வாங்கிக்கொண்டாள். பக்கவாட்டுத் தையலை விரலால் தடவினாள். உள்ளே அவள் விட்டிருந்த துணி அப்படியே இருந்தது, இரண்டு விரல் அகலத்துக்கு. அவளுக்கு வேறு ஒன்றும் தெரியாது. துக்கம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் கை இடுப்பில் செருகிய கத்தரிக்கோலுக்குத்தான் போகும். போயிற்று. இதைப் பிரித்து, இப்போதாவது சின்னதாக—

“வேணாம்மா” என்று மகள் அவள் கையைப் பிடித்தாள். “யாருக்குத் தெப்பே? விடு.”

கத்தரிக்கோல் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்போதுதான் தையலக்கா அழுதாள். பொண்ணா வந்து சொன்னால் அழுவாள் என்று மகள் பயந்தாளே, அந்த அழுகைதான். இத்தனை வருஷம் கழித்து வந்தது. மகள் பிடித்த கையை விடவில்லை. யார் யாருக்கு ஆறுதல் சொல்கிறார்கள் என்று தெரியாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒலிபெருக்கியில் பாட்டு முடிந்தது. அடுத்து நிலையத்தின் கதையைச் சொல்ல அழைக்கிறோம் என்று தையலக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார்கள். கைதட்டல் கேட்டது. இன்னொரு தடவை அழைத்தார்கள். பிறகு கொஞ்சம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பாடகர் குழு வேறு பாட்டை எடுத்தது.

முன்வாசலில் குடையை உதறும் சத்தம். புதுப் போதகர், வேஷ்டி முழங்கால்வரை நனைந்து, மேல்மூச்சு வாங்க நின்றிருந்தார். “அக்கா, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. உடம்புக்கு ஏதும் முடியலையா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே கால் வைத்தார்.

தையலக்கா திரைச்சீலையை விலக்கி வெளியே வந்தாள். கண் சிவந்து, வாரின தலை கலைந்திருந்தது. கையில் இளநீலச் சட்டை இருந்தது. பெரிய போதகரை நிறுத்திய அதே இடத்தில் நின்றாள்.

“மன்னிச்சுக்கங்க ஐயா. உள்ளே ஆள் இருக்காங்க.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. நிலையம்தான் மாறிவிட்டதே, இங்கே இன்னும் யார் என்று கேட்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமல், குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

தையலக்கா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, திரைச்சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து உள்ளே போனாள்.